முப்பத்து நாலாம் பக்கம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடும். மாஸ்டருக்கு அது முற்றிப்போன நிலை. மருமகள் டீக்கோப்பையைக் கொஞ்சம் வேகமாக மேசையில் வைக்க வந்தாலே அவர் கால் தரையை அழுத்தும். பிழைக்க வந்த இந்த அயல்நாட்டில் முப்பத்தோரு வருடமாகப் பயிற்சிக் காரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அங்கே தனியாகப் பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பியே வாழ்கிறவர். அவரிடம் பழகியவர்கள் அவரை பிரேக் மாஸ்டர் என்பார்கள். முகத்துக்கு நேரே மாஸ்டர், முதுகுக்குப் பின்னால் முழுப் பட்டம்.

இப்படிப்பட்ட மனிதர், மருமகளின் கணினியில், அதுவும் அவளுடைய நேர்காணலுக்கு முதல் நாள், விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தை ஏற்றினார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். மாஸ்டரே பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டார், அவருக்கும் நம்ப முடியவில்லை.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்த வினை. மனைவி போன பிறகு மகன் வீட்டுக்கு வந்து அவருக்குப் பதினொரு மாதம் ஆகிறது. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. தனி அறை, ஜன்னலோரக் கட்டில், அலமாரியில் மூன்று தட்டு. வந்த முதல் வாரம், "அப்பாவும் கம்ப்யூட்டர் பார்க்கட்டும்" என்று மகன் அவருக்காக அதில் தனி நுழைவு ஒன்று அமைத்துக் கொடுத்தான். ஒரு காலில் ஷூ மாட்டியபடி, நின்றுகொண்டே செய்த வேலை. பெயர் கேட்ட இடத்தில் 'விருந்தாளி' என்று அடித்துவிட்டுத் தொழிற்சாலைப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

அன்றிலிருந்து கணினியைத் திறந்தால் இரண்டு வட்டங்கள் வரும். ஒன்றின் கீழே மருமகளின் பெயர். இன்னொன்றின் கீழே விருந்தாளி. மாஸ்டர் தினமும் பேப்பர் படிக்க அந்த இரண்டாவது வட்டத்தைத்தான் அழுத்துவார். அழுத்தும்போதெல்லாம் சுருக்கென்று இருக்கும். சொன்னால் மகன் அரை நிமிடத்தில் மாற்றிவிடுவான், அது அவருக்குத் தெரியும். ஆனால் இதெல்லாம் கேட்டு வாங்குகிற விஷயமா? அவர் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, அவரிடம் பழகி உரிமம் வாங்கிய நூலகக்காரர் ஒருவர் நன்றிக்கு ஒரு சின்னப் பென்டிரைவையும், நகலெடுத்துத் தைத்த ஒரு கையேட்டையும் கொடுத்தார். "மாஸ்டர், இதுல லினக்ஸ் இருக்கு. விண்டோஸ் அது பாட்டுக்கு இருக்கும், இது பக்கத்துல இது பாட்டுக்கு இருக்கும். கம்ப்யூட்டர் போடும்போது எது வேணும்னு கேக்கும். உங்களுக்குன்னு தனி இடம்."

மாஸ்டருக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை. தனி இடம் என்றது மட்டும் விழுந்தது.

மறுநாளே மருமகளிடம் கேட்டார். "ம்மா, கம்ப்யூட்டர்ல எனக்குன்னு ஓரமா ஒரு லினக்ஸ் போட்டுக்கட்டுமா?"

அவள் ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினாள். ஆஸ்பத்திரி டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்வது அவள் வேலை. நாலு வருடமாகத் தற்காலிகம். "என் பக்கம் எதுவும் கலையாம இருந்தா சரி மாமா. பார்த்து செய்ங்க" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். குடை வாங்குவதற்கே இரண்டு மழைக்காலம் யோசித்த மனிதர், இதற்கு எப்படியும் ஆறு மாதம் எடுத்துக்கொள்வார் என்பது அவள் கணிப்பு.

அவர் எடுத்துக்கொண்டது மூன்று வாரம். அதற்குள் வேறொன்று நடந்தது. அதே ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைகளுக்கு நேரம் ஒதுக்கி அட்டவணை போடும், வீட்டிலிருந்தே பார்க்கிற நிரந்தர வேலைக்கு மருமகள் விண்ணப்பித்திருந்தாள். வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு கணினி வழியாக நேர்காணல். அறையில் கைபேசி இருக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்குள் இணையாதவர்கள் வேலையை விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். நாலு வருடம் காத்திருந்த கடிதத்தை அவள் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்தாள்.

புத்தியுள்ளவன் என்றால் செவ்வாய்க்கிழமைவரை பொறுத்திருப்பான். மாஸ்டரின் மூளை வேறு ரோட்டில் போனது. வேலை கிடைத்துவிட்டால் அவள் காலையிலிருந்து மாலைவரை கணினியிலேயே உட்கார்ந்திருப்பாள். அப்புறம் நமக்கு எப்போது கிடைக்கும்? அனுமதியோ ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஓட்டுநர் உரிமமே வருடக்கணக்கில் செல்லும்போது மூன்று வார அனுமதி காலாவதி ஆகிவிடுமா என்ன? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகனும் மருமகளும் சிநேகிதர் வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்கக் கிளம்பினார்கள். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வண்டியை எடுக்குமுன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காதவன் வண்டியில் ஏறவே கூடாது என்பது அவர் சட்டம். கணினிக்கு டயர் இல்லாததால் பின்பக்க வயர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு கையேடு சொன்னபடி மருமகளின் கோப்புகள் அத்தனையையும் தனி டிஸ்க்கில் நகல் எடுத்தார். விண்டோஸை அரைத்தூக்கத்தில் விடாமல் முழுதாக அணைத்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் கையேட்டில் பென்சிலால் ஒரு டிக்.

பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்புவதுதான் பாடாய்ப் படுத்தியது. பொத்தானை அழுத்திய கையோடு இன்னொரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அவர் தட்டுவதற்குள் விண்டோஸ் முந்திக்கொண்டு வந்து, விருந்தாளி என்று காட்டி நின்றது. ஒரு தடவை, இரண்டு தடவை, நாலு தடவை. ஐந்தாவது தடவை அவர் கதவைத் தட்டுகிற வேகத்தில் தட்டியதும் புதுத் திரை ஒன்று வந்தது. "அப்படி வா வழிக்கு" என்றார்.

'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுத்தார். டிஸ்க்கில் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க ஒரு கோடு வந்தது. அதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இழுக்கலாம். ஐந்நூறு ஜிபியில் பாதியை எடுத்துக்கொண்டாலும் கேட்பாரில்லை. மாஸ்டர் தனக்கு முப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மருமகள் பக்கமே தள்ளினார். பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையின் நுனியில் ஒட்டிக்கொள்கிறவர் அவர். பதினொரு மாதமாக அந்த வீட்டிலும் அப்படித்தான் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

அடுத்த திரை கேட்டது: உங்கள் பெயர் என்ன?

மாஸ்டர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இனிஷியலோடு முழுப் பெயரையும், ஓர் எழுத்துகூட விடாமல் அடித்தார். கணினிக்கும் ஒரு பெயர் வைக்கச் சொன்னது. 'வண்டி' என்று வைத்தார். கடவுச்சொல்லை அடிக்க ஆரம்பித்தபோது விசைப்பலகை செத்துப்போனது.

வயரில்லாத விசைப்பலகை, ஒற்றை பேட்டரி. பாதியில் நிறுத்தலாமா கூடாதா என்று கையேட்டில் பார்த்தார். கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, தெருமுனைக் கடை மூடியிருக்கும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது தலைக்கு மேலே டிக் டிக் என்று சத்தம் கேட்டது.

கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் அதே அளவு பேட்டரி. நாற்காலியில் ஏறி எடுத்தார். கடிகாரத்தை மறுபடியும் ஆணியில் மாட்டி, கோணல் இல்லாமல் சரி பார்த்தார். மூன்று பதினேழில் அது நின்றது. நாளைக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது?

ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்தது. கணினியை மறுபடி போட்டால் கறுப்புத் திரையில் ஒரு சின்னப் பட்டியல் வந்தது. மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். லினக்ஸுக்குள் போனார். அவருடைய முழுப் பெயரும் திரை நடுவில் நின்றது. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அறையில் யாரும் இல்லாததால் எழுந்து நின்று தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார். விண்டோஸுக்கும் போய்ப் பார்த்தார், மருமகளின் வட்டம் வைத்த இடத்தில் இருந்தது. கையேட்டின் முப்பத்து மூன்றாம் பக்கத்தில் 'வாழ்த்துகள்!' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வாழ்த்துகள் என்று வந்த பிறகு எவன் பக்கத்தைப் புரட்டுவான்? அதற்கும் ஒரு டிக் போட்டு மூடி, காரில் கொண்டுபோய் வைத்தார், பழக வருபவர்களிடம் காட்டிப் பீற்றிக்கொள்ள.

சாயங்காலம் குட்டை அவரே உடைத்தார். "ம்மா, நாளைக்கு கம்ப்யூட்டர் போட்டா ஒரு கறுப்புத் திரை வரும். பயந்துடாதே. அதுல கீழே விண்டோஸ்னு இருக்கும், அதை எடுத்துக்கோ."

மருமகள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "மாமா. நாளைக்கு இன்டர்வியூ. இன்னைக்கா?"

"உன் பக்கம் ஒரு தூசுகூட அசையலம்மா."

அவள் உட்கார்ந்து கணினியைப் போட்டாள். தன் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கேமராவைப் பார்த்தாள், ஒலிவாங்கியில் பேசிப் பார்த்தாள். மாஸ்டர் பின்னால் நின்று இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் மூச்சு விட்டாள். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா உங்களுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி மாமா." அதை அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அவர் வகுப்புக்குக் கிளம்பும்போது மருமகள் கணினி முன்னால் குறிப்புகளோடு உட்கார்ந்திருந்தாள். மகன் எப்போதோ வேலைக்குப் போய்விட்டான். கடிதத்தில் போட்டிருந்தபடி அவள் எழுந்தவுடனேயே கைபேசியை ஒலியடக்கிப் படுக்கையறை அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

"இன்னைக்கு நேரமே நகர மாட்டேங்குது மாமா. எவ்வளவோ நேரமா படிக்கிற மாதிரி இருக்கு, கடிகாரத்தைப் பார்த்தா அங்கேயே நிக்குது."

மாஸ்டர் சட்டென்று சுவரைப் பார்த்தார். "எந்தக் கடிகாரம்?"

"கம்ப்யூட்டர்ல இருக்கறதுதான். சுவர்ல இருக்கறது செத்தே போச்சு, மூணு பதினேழுலயே நிக்குது."

பேட்டரி விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். இன்டர்வியூ நாளில் எதற்குப் பிள்ளையின் மனத்தைக் கலைப்பது என்று மூடிக்கொண்டார். அதற்குப் பதிலாக அனுபவஸ்தர் குரலில் சொன்னார்: "பயம் இருந்தா நேரம் நீளும்மா. டெஸ்டுக்கு முன்னாடி எல்லாருக்கும் அப்படித்தான். நீ தைரியமா இரு." இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை அந்த வருடம் அவர் சொன்னதில்லை. ஆனால் சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருந்தது.

ஒன்பது மணி வகுப்பு பல் டாக்டருக்கு. நாற்பத்தைந்து வயது அம்மா, இரண்டு தடவை டெஸ்டில் தோற்றவர். ஊரே வாயைத் திறந்துகொண்டு அவர் முன்னால் நடுங்கும், அவரோ ஸ்டியரிங்கைப் பிடித்தால் நடுங்குவார். கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் இரண்டு பீப்பாய்களை வைத்து, நடுவில் பின்பக்கமாக வண்டியை விடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் மாஸ்டர். ஏழு தடவை விட்டாகிவிட்டது. ஒரு பீப்பாய் ஏற்கெனவே நசுங்கியிருந்தது.

"வலிக்காது டாக்டர், மெதுவா விடுங்க" என்றார்.

"அது என் வசனம் மாஸ்டர்" என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

எட்டாவது முயற்சிக்கு டாக்டர் வண்டியை முன்னால் எடுத்து, நிறுத்தி, தண்ணீர் குடித்தார். அந்த இடைவெளியில் மாஸ்டர் கையேட்டை வெளியே எடுத்தார். "பாருங்க, நேத்து நானே ஏத்தினேன். முப்பத்து மூணு பக்கம், ஒண்ணு விடாம டிக் போட்டு…" என்று கடைசித் தாளைப் பெருமையாகப் புரட்டினார். பின்பக்கமும் எழுத்து இருந்தது.

முப்பத்து நாலாம் பக்கம். 'முக்கியம்: கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸும் விண்டோஸும் வெவ்வேறு விதமாகப் படிக்கும். கீழே உள்ள ஒரு வரியை இயக்காவிட்டால் விண்டோஸில் நேரம் தவறாகக் காட்டும். உலகப் பொது நேரத்தைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும் இந்த நாட்டில், சரியாக ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும்.'

மாஸ்டர் அதை ஒரு தடவை படித்தார். இரண்டாவது தடவை படிக்கத் தேவைப்படவில்லை. நேரமே நகர மாட்டேங்குது மாமா. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது முப்பத்தொன்பது.

அவளுக்கு இப்போது எட்டு முப்பத்தொன்பது. நிதானமாகக் குளித்துக்கொண்டிருப்பாள். கைபேசி அலமாரிக்குள். சுவர்க் கடிகாரம் மூன்று பதினேழு. அந்த வீட்டில் சரியான நேரம் சொல்லக்கூடிய ஒன்று பாக்கியில்லாமல், எல்லாவற்றையும் தன் கையாலேயே முடித்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஒரே கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு இங்கே பீப்பாய்க்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரிகூட இவ்வளவு திட்டமாகச் செய்ய மாட்டான்.

போன் செய்தார். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தார். யாரும் எடுக்கவில்லை.

"இறங்குங்க டாக்டர், நான் ஓட்டறேன். வீட்டுக்குப் போகணும், அவசரம்." என்ன ஏதென்று இரண்டு வரியில் சொன்னார்.

டாக்டர் அவருடைய கைகளைப் பார்த்தார். "இந்தக் கை நடுங்கற நடுக்கத்துக்கு என் க்ளினிக்ல ஒரு பஞ்சைக்கூட எடுக்க விட மாட்டேன். உக்காருங்க மாஸ்டர். நானே ஓட்டறேன்."

"நீங்களா?"

"ஏன், இங்க வேற யார் இருக்கா?"

கிடங்குச் சந்தைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தார்கள். இதுவரை டாக்டர் மூன்றாவது கியரைப் பார்த்ததில்லை. இன்று தயங்கித் தயங்கிப் போட்டார். வண்டி ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு ஓடியது. மாஸ்டர் பழக்கதோஷத்தில் தன் பக்க பிரேக்கில் கால் வைத்தார்.

"காலை எடுங்க மாஸ்டர்! போகணுமா வேண்டாமா?"

எடுத்தார். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக இரண்டு காலையும் மடக்கி இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ரவுண்டானா வந்தது. டாக்டர் இரண்டு தடவையும் டெஸ்டில் தோற்ற இடம். நாலு பக்கமும் வண்டி. டாக்டர் நின்றார், பார்த்தார், மறுபடி பார்த்தார். மாஸ்டருக்கு உயிர் போய் உயிர் வந்தது. தன் பக்கத்தில் பிரேக் இருக்கிறது, ஆக்சிலரேட்டர் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. நிறுத்த மட்டும்தான் முடியும், ஓட வைக்க முடியாது. என்ன ஒரு பிழைப்பு இது என்று நினைத்தார்.

"இப்ப போலாமா மாஸ்டர்?"

"போங்க டாக்டர். உங்களுக்குத் தெரியும்."

இப்படி ஒரு வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் போனார்.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு வீட்டு வாசல். இரண்டு மாடி. மாஸ்டர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார், கடைசியில் ஒன்றொன்றாக, அதற்கும் கடைசியில் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினார். கதவைத் திறந்தால், தலையில் துண்டோடு மருமகள் கூடத்தில் நின்று மேல்கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ மெல்ல முணுமுணுத்துப் பாடிக்கொண்டும் இருந்தாள்.

"பத்தாச்சும்மா! பத்து! உக்காரு!"

"ஒன்பதுதானே மாமா ஆகுது?" அவள் கணினியைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது மணி, ஒரு நிமிடம்.

"அது தப்பு. ஒரு மணி நேரம் தப்பு. என் லினக்ஸால. நான்தான்…" மேலே பேச மூச்சு இல்லை. கைக்கடிகாரத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவள் அதைப் பார்த்தாள். பழக்கத்தில் சுவரைப் பார்த்தாள், மூன்று பதினேழு. இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள், துண்டை உருவி எறிந்தாள், ஈரத் தலையை ஒரே சுருட்டாகச் சுருட்டி முடிந்தாள், வீட்டில் போடும் பழைய பாவாடைக்கு மேலே சுடச்சுட மேல்கோட்டை மாட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்தபோது பத்து மணி நாலு நிமிடம். அவர் வாசல் கதவைச் சாத்துமுன் அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மாஸ்டருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவர் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். டாக்டரும் மேலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உரிமம் இல்லாதவர், தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. உள்ளே மருமகளின் குரல் மெல்லக் கேட்டது, வார்த்தைகள் புரியவில்லை.

"நாலு வருஷமா காத்திருந்தா டாக்டர்" என்றார் மாஸ்டர். "ஏற்கெனவே நான் வந்து அவங்க வீட்டை அடைச்சிட்டிருக்கேன். இப்ப இதுவும்."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "நான் ரவுண்டானாவைத் தாண்டிட்டேன், கவனிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் கவனித்திருந்தார். தலையாட்டினார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டர் எழுந்து, கீழே காரில் இருப்பதாகச் சொல்லி நைசாக இறங்கிப் போய்விட்டார். மருமகள் மேல்கோட்டும் பழைய பாவாடையுமாக வாசலில் நின்றாள்.

"எப்படிம்மா…"

"ஏன் நாலு நிமிஷம் லேட்டுன்னு கேட்டாங்க. அட்டவணை போடற வேலைக்கு வந்துட்டு நேரம் தப்பாயிடுச்சுன்னு சொல்றதான்னு யோசிச்சேன். அப்புறம் உள்ளதைச் சொல்லிட்டேன். சிரிச்சாங்க. நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியலை." அவள் அவரையே பார்த்தாள். "சுவர்க் கடிகாரத்து பேட்டரி எங்க மாமா?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "கீபோர்டுல."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாளோ என்னவோ, அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. "எதுக்கு மாமா உங்களுக்கு இந்த லினக்ஸ்? விண்டோஸ்லயே உங்களுக்கு இடம் இருக்கே?"

"அது விருந்தாளிக்கு இருக்கற இடம்மா."

வாய் தவறி வந்துவிட்டது. மருமகள் கணினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் அவசர அவசரமாக, "இன்னைக்கே அதை எடுத்துடறேன், எடுக்கறதுக்கும் ஏதாவது பக்கம் இருக்கும்" என்றார்.

"எடுக்க வேண்டாம். அந்தக் கடைசிப் பக்கத்தைக் கொண்டாங்க."

சாயங்காலம் அவள் வாசிக்க, அவர் தன் பக்கத்தில் அந்த ஒரு வரியை எழுத்துக்கூட்டி அடித்தார். புது பேட்டரி போட்டதும் சுவர்க் கடிகாரம் ஓடியது. விண்டோஸில் நேரம் வந்துவிட்டதா என்று காலையில் பார்க்கலாம் என்றாள் அவள். மகனுக்கு விஷயத்தை அவளே சொன்னாள். அவன் சாப்பாட்டு மேசையில் இரண்டு தடவை புரையேறும்படி சிரித்தான். மாஸ்டர் அதையும் பொறுத்துக்கொண்டார்.

வேலை கிடைத்தது என்னவோ வியாழக்கிழமைதான். ஆனால் இது செவ்வாய்க்கிழமை காலை நடந்தது, கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில்.

"மாமா, கம்ப்யூட்டரைப் போடுங்க. உங்க பக்கம் போகாதீங்க, என் பக்கம் போய் டைம் சரியா இருக்கான்னு பாருங்க" என்று சமையலறையிலிருந்து மருமகள் சொன்னாள்.

மாஸ்டர் போட்டார். கறுப்புத் திரையில் கீழே இறங்கி விண்டோஸைத் தேர்ந்தெடுத்தார். மேலே நேரம் வந்தது. கைக்கடிகாரத்தையும் சுவரையும் பார்த்தார், மூன்றும் ஒன்றாக இருந்தன. பிறகு வட்டங்கள் வந்தன. ஒன்றில் மருமகளின் பெயர் எப்போதும்போல. மற்றதில் விருந்தாளி இல்லை.

'பேட்டரித் திருடர்' என்று இருந்தது.

திருடன் இல்லை, திருடர். மரியாதையை அதிலும் விடவில்லை. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். பதினொரு மாதமாக அந்த வீட்டில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேலி செய்ததில்லை. விருந்தாளியை யார் கேலி செய்வார்கள்?

"டைம் சரியா இருக்கா மாமா?"

"சரியா இருக்கும்மா" என்றார். அவர் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டே இருந்ததில் திரை தானாக அணைந்துவிட்டது. மவுஸை அசைத்து, அதை மறுபடியும் ஒரு தடவை வர வைத்தார்.